பூனைக்குட்டி ஒன்றுக்கு எங்கள் வீட்டில் இடமிருக்கிறதா?



கொஞ்சம் நீளமான பதிவு. முழுதாக வாசிக்க நேரமில்லாதவர்கள் ஒரு விடயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். நாம் காய்ச்சலுக்குப் போடும் பெரசிட்டமோல் குளிசையைக் கால் துண்டு என்றாலும் பூனைக்குக் கொடுக்காதீர்கள். ஏன் என்று கீழே எழுதியிருக்கிறோம்.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை, பாடசாலை விட்டு வந்த எங்கள் மகனின் புத்தகப் பைக்குள் இருந்து சத்தம் வந்தது. திறந்து பார்த்தால் சாப்பாட்டுப் பெட்டிக்கும் கணிதக் கொப்பிக்கும் நடுவில் ஒரு பூனைக்குட்டி. சந்தைக்குப் பின்னால் யாரோ சீமெந்துப் பையில் கட்டிப் போட்டிருந்தார்களாம். நாலு குட்டிகளில் இது ஒன்றுதான் சத்தம் போட்டதாம்.

"வாப்பா, இத நாம வளப்பமா?"

அவன் அப்போது நான்காம் வகுப்பு. கையில் இரண்டு கீறல், இலேசாக இரத்தம். நாங்கள் முதலில் பூனையைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தோம். பைப்பைத் திறந்துவிட்டு சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவினோம். அவன் சிணுங்கினான், விடவில்லை. பிறகு ஆட்டோ பிடித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். விசர் நோய் நாயால் மட்டும்தான் வரும் என்று நம்மில் பலர் இன்னும் நினைக்கிறோம். பூனையாலும் வரும். அங்கே ஊசி போட்டார்கள், அதற்குக் காசு இல்லை. டொக்டர் ஒன்று சொன்னார்: "பூனையை எங்கயும் விட்டிராதீங்க. 14 நாளைக்கு வச்சுப் பாருங்க. சாப்பிடாம விட்டா, செத்தா, உடனே வந்து சொல்லுங்க."

ஆகவே வளர்ப்பதா இல்லையா என்று நாங்கள் முடிவெடுப்பதற்கு முன்பே பூனைக்கு எங்கள் வீட்டில் 14 நாள் தங்க இடம் கிடைத்துவிட்டது. அந்த 14 நாளையே எங்களுக்கும் தவணையாக வைத்துக்கொண்டோம். "பதினஞ்சாவது நாள் சொல்றோம்" என்று மகனிடம் சொன்னோம்.

வீட்டில் ஆளுக்கொரு அபிப்பிராயம்.

உம்மம்மாவுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று விளங்கவே இல்லை. "எங்கட காலத்துல பூனைக்கி யாரு கணக்குப் பாத்த? மிச்சச் சோறும் மீன்தலையும் திண்டிட்டுக் கெடக்கும்" என்றார். உண்மைதான். ஆனால் அந்தக் காலத்தில் பெரும்போக அறுவடை முடிந்தால் வீட்டு மண்டபத்தில் நெல் மூட்டை அடுக்கியிருக்கும். எலி வரும், எலியைப் பிடிக்கப் பூனை வேண்டும். பூனை தன் சாப்பாட்டில் பாதியைத் தானே உழைத்துக்கொண்டது. இன்று எங்கள் வீடு எட்டுப் பேர்ச் காணியில், சுற்றி மதில், வாசலில் வாகனம் ஓடும் கொங்கிரீட் ரோட்டு. நெல் மூட்டையும் இல்லை. இந்தப் பூனை எங்கள் கையை மட்டும்தான் பார்த்திருக்கும்.

பக்கத்து வீட்டு ராத்தா வந்து குட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பொட்டக்குட்டி. வேணாம். வருசத்துக்கு ரெண்டு தரம் போடும்" என்றார். போகும்போது இன்னொன்றும் சொன்னார். "மனிசருக்கே சோறில்லாத காலத்துல பூனைக்கி ஊசியும் மருந்துமா?"

அவர் கணவரை இழந்தவர். மூன்று பிள்ளைகளைத் தையல் மெஷின் ஒன்றை வைத்து வளர்க்கிறார். அவர் அப்படிக் கேட்டபோது எங்களிடம் பதில் இருக்கவில்லை.

மூத்தவள் எட்டாம் வகுப்பு. அவள் ஒன்றும் பேசவில்லை. குட்டியின் பக்கமே வரவில்லை. இரவில் மட்டும், "வேணாம். இதுவும் செத்துப் போகும்" என்றாள்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எங்களுக்குத் தெரியும்.

2022ஆம் ஆண்டு நடுப்பகுதி. அந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காஸ் இல்லை, பெற்றோல் வரிசையில் இரவு தூங்கிய காலம். எங்களிடம் அப்போது சாம்பல் நிறக் கடுவன் பூனை ஒன்று இருந்தது. ஒரு நாள் அது சாப்பிடாமல் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்தது. தொட்டால் காது சுட்டது. மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும் என்று தோன்றியது. ஆனால் பைக்கில் எண்ணெய் இல்லை. ஆட்டோக்காரர் கேட்ட காசும் அன்றைக்கு எங்களுக்குப் பெரிய காசு. "காய்ச்சல்தானே" என்று சொல்லிப் பெரசிட்டமோல் குளிசையில் கால் துண்டை நசுக்கிப் பாலில் கலந்து வாயில் ஊற்றினோம். பிள்ளைக்குக் கொடுப்பது போல, அன்பாகத்தான் கொடுத்தோம்.

இரவாகும்போது அதன் முகமும் பாதங்களும் வீங்கின. முரசு மண்ணிறமாக மாறியது. மூச்சு வாங்கியது. சுபஹுக்கு எழும்பியபோது செத்துக் கிடந்தது.

பல மாதம் கழித்து ஒரு மிருக வைத்தியரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டோம். அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். மனிதருடைய ஈரல் அந்த மருந்தைப் பிரித்து வெளியே அனுப்பிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்தச் சக்தி மிகக் குறைவு. மருந்து நஞ்சாக மாறி, இரத்தம் ஒட்சிசனைக் காவிச் செல்ல முடியாமல் போய்விடும். ஒரு குளிசையே ஒரு பூனையைக் கொல்லப் போதும், அதிலும் குறைந்த அளவும் ஆபத்துத்தான் என்றார். நாங்கள் கொடுத்ததைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

பிள்ளைகளுக்கும் சொல்லவில்லை. "வருத்தம் வந்து செத்துப் போச்சு" என்றுதான் சொன்னோம். மருதோன்றி மரத்தடியில் புதைத்தோம். மகளுக்கு அப்போது பதினொரு வயது.

இந்த 14 நாளில் நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம். ஆசைப்பட்டும் வேண்டாம், பயந்தும் வேண்டாம், கணக்குப் போட்டுப் பார்ப்போம். மகனின் கணிதக் கொப்பியில் நடுப்பக்கத்தைத் திறந்து, "பூனைக் கணக்கு" என்று தலைப்புப் போட்டு, அவனையே எழுத வைத்தோம். விலை எல்லாம் அவன்தான் கேட்டு வர வேண்டும் என்பது நிபந்தனை.

முதலாவது சாப்பாடு. கடையில் விற்கும் பூனைத் தீனி கிலோ 1,900 ரூபா சொன்னார்கள். நாளைக்கு 60 கிராம் என்றால் மாதம் 1.8 கிலோ, 3,420 ரூபா. அது எங்களுக்குக் கட்டாது. சந்தையில் சூடை மீன் மலிவான நாளில் கிலோ 500. நாளைக்கு 100 கிராம் அவித்துக் கொடுத்தால் மாதம் 3 கிலோ, 1,500 ரூபா. மீன் மட்டும் கொடுத்து வளர்ப்பது நல்லதில்லை என்று வைத்தியர் சொன்னதால் இடைக்கிடை கோழி ஈரலும் முட்டையும் சேர்த்து 2,000 என்று எழுதினோம். பால் வேண்டாம் என்றார். பெரும்பாலான பூனைகளுக்கு மாட்டுப்பால் வயிற்றைக் கழியவைக்குமாம். ஒரு வரி மிச்சம்.

மலசலத்துக்குப் பழைய பேசின், மரக்காலையில் சும்மா கிடைக்கும் மரத்தூள். தினமும் அள்ளிக் கொட்டினால் போதும். (வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் அந்த வேலையை அவரிடம் கொடுக்காதீர்கள். பூனை மலத்தால் பரவும் ஒரு கிருமி வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பாதிக்கலாம். வேறு யாராவது அன்றன்றைக்கு அகற்றிக் கையைக் கழுவினால் பயமில்லை.)

பிறகு ஊசி, பூச்சிக் குளிசை, கருத்தடைச் சத்திரசிகிச்சை. பெண் பூனைக்குச் செலவு கூட, எங்களுக்குச் சொன்ன தொகை 12,000. மகன் அந்த எண்ணை எழுதிவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தான்.

கணக்கு இப்படி வந்தது, முதல் வருடத்துக்கு:

சாப்பாடு, மாதம் 2,000 வீதம்: 24,000
பூனைக் காய்ச்சல் முதலிய நோய்களுக்கான தடுப்பூசி இரண்டு: 6,000
விசர் நோய்த் தடுப்பூசி: 1,500
பூச்சிக் குளிசை: 1,000
கருத்தடை: 12,000
பேசின், கிண்ணம், கூடை: 1,000

மொத்தம் 45,500.

அந்த இடத்தில்தான் மகள் முதல் தடவையாக வந்து மேசையில் உட்கார்ந்தாள். கொப்பியைப் பார்த்துவிட்டு, "வருத்தம் வந்தா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பிறகு எங்களால் மறைக்க முடியவில்லை. 2022இல் நடந்ததை இரண்டு பிள்ளைகளுக்கும் சொன்னோம். குளிசை கொடுத்தது, காசைப் பார்த்தது, பிறகு உண்மையைச் சொல்லாமல் விட்டது, எல்லாம். மகன் அழுதான். மகள் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அண்டைக்கி டொக்டர்ட்ட கொண்டுபோயிருந்தா எவ்வளவு முடிஞ்சிருக்கும்?" என்று கேட்டாள்.

"ஆட்டோவோட சேத்து ஒரு மூவாயிரம் முடிஞ்சிருக்கும்" என்றோம்.

அவள் பேனையை எடுத்து, தம்பியின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தில் எழுதினாள். வருத்தம் வந்தால், மாதம் 500 வீதம்: 6,000.

மொத்தம் 51,500. பன்னிரண்டால் பிரித்தால் மாதம் சுமார் 4,300 ரூபா. இரண்டாவது வருடம் கருத்தடையும் பேசினும் இல்லை, ஊசியும் குறையும், மாதம் 3,000 அளவில் நிற்கும். நன்றாகப் பார்த்தால் ஒரு வீட்டுப் பூனை 12, 15 வருடம் இருக்கும். மகன் தன் வயதோடு 15ஐக் கூட்டிப் பார்த்தான். இருபத்துநாலு. அவன் படித்து வேலைக்குப் போகும் வரைக்கும் என்று விளங்கியது.

அடுத்த கேள்வி, அந்த 4,300 எங்கே இருந்து வரும்?

எங்கள் வீட்டில் ஒரு ஆசிரியர் சம்பளம், ஒரு சின்னக் கடையின் வருமானம். கடன் பிடிப்பு, ரியூஷன், கரண்ட், தண்ணீர், உம்மம்மாவின் மருந்து எல்லாம் போக மிஞ்சுவது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். இரவெல்லாம் யோசித்து ஒரே ஒரு இடத்தைக் கண்டுபிடித்தோம். வெள்ளிக்கிழமை இரவு கொத்து ரொட்டி. மூன்று பார்சல், 2,700 ரூபா. மாதத்தில் இரண்டு வெள்ளியை விட்டால் 5,400. பூனைக்குப் போக மிச்சமும் இருக்கிறது.

இது பிள்ளைகள் இருவரும் சம்மதித்தால்தான் நடக்கும் என்றோம். மகன் உடனே சரி என்றான். மகள், "ரெண்டு வெள்ளிதானே" என்றாள். அதுதான் அவள் சம்மதம்.

ஆனால் பக்கத்து வீட்டு ராத்தாவின் கேள்வி மனதில் நின்றது. மனிதருக்கே இல்லாதபோது பூனைக்கா? ஊர் மௌலவி ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினோம். அபூ கதாதா (ரழி) அவர்கள் வுழூச் செய்யும் தண்ணீர்ப் பாத்திரத்தைப் பூனை குடிப்பதற்காகச் சரித்துக் கொடுத்ததை அவர் நினைவுபடுத்தினார். பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸையும் சொன்னார். நாம் எல்லோரும் சின்ன வயதில் கேட்ட ஹதீஸ்கள்தான். ஆனால் அவர் சொன்ன ஒரு விளக்கம் எங்களுக்குப் புதிதாக இருந்தது. பூனை வளர்ப்பது யார் மீதும் கடமை இல்லை. ஆனால் ஒருவர் வளர்க்க என்று எடுத்துவிட்டால் அதன் உணவும் பராமரிப்பும் அவர் மீது கடமையாகிவிடும். எடுக்குமுன் யோசிப்பதுதான் புத்தி என்றார். கருத்தடை பற்றியும் கேட்டோம். உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது, தேவை இருந்து, வதை இல்லாமல் செய்தால் ஆகும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் குட்டியைப் பையில் கட்டி வீசுவதை ஆகும் என்று சொன்னவர் எவரையும் தனக்குத் தெரியாது என்றார்.

ராத்தாவுக்கு நாங்கள் கண்ட பதில் இதுதான். எங்கள் கொப்பியில் ஸதகா என்று ஒரு வரி மாதாமாதம் இருக்கிறது. அந்த வரியில் இருந்து பூனைக்கு ஒரு சதமும் எடுக்கக்கூடாது. பூனையின் செலவு எங்கள் நாக்கின் ருசியில் இருந்து போக வேண்டும். அப்படி முடியாவிட்டால் வளர்க்கக்கூடாது. இதை அவரிடம் நேரடியாகச் சொல்லவில்லை. சொல்லிக் காட்டுவது போலாகிவிடும்.

பதினைந்தாவது நாள் குட்டி நன்றாக ஓடித் திரிந்தது. மகனின் கையும் ஆறியிருந்தது. "சரி" என்று சொன்னோம். அவன் ஏற்கெனவே பெயர் வைத்திருந்தான், சீனி.

இப்போது ஒரு வருடம் ஆகிவிட்டது. கணக்குக் கொப்பி பத்திரமாக இருக்கிறது. எங்கே பிழைத்தோம், எங்கே சரியாக இருந்தோம் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பதிவால் பிரயோசனம் இல்லை.

சாப்பாட்டில் 2,400 மிச்சம். மீன் வெட்டும் நானா தலைகளைச் சும்மா தந்தார். அவித்து, முள் எடுத்துக் கொடுத்தோம். விசர் நோய் ஊசி எங்கள் பக்கத்தில் நடந்த முகாமில் இலவசமாகவே கிடைத்தது. நாய்க்கு மட்டும் என்று நினைத்து யாரும் பூனையைக் கொண்டுவரவில்லை. அடுத்த முகாம் எப்போது என்று உங்கள் பகுதி பிஎச்ஐயிடம் கேட்டு வையுங்கள்.

கருத்தடைக்கு 12,000 ஒரேயடியாகத் தேவைப்பட்டபோது கையில் குறைந்தது. மாதக் கணக்காகப் பிரித்துப் பார்த்ததில் நாங்கள் விட்ட பிழை அது. செலவு மாதாமாதம் சமமாக வராது. மகன் தன் பெருநாள் காசைக் கொண்டுவந்து வைத்தான். கடனாக எடுத்து, இரண்டு மாதத்தில் திருப்பிக் கொடுத்தோம். தாமதித்திருக்கவும் முடியாது. பூனை ஆறு மாதத்துக்கு முன்பே சினைப்படலாம், இரண்டு மாதத்தில் ஈனும். ஒரு ஈற்றில் நாலு என்று வைத்தாலும் இரண்டு ஈற்றுக்கு எட்டு. அந்த எட்டுக்கும் ஒரு சீமெந்துப் பை தேவைப்பட்டிருக்கும்.

பிறகு ஒன்பதாவது மாதம். ஒரு நாள் சீனி சாப்பிடாமல் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்தது. மகள்தான் முதலில் கண்டாள். காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அலுமாரியைத் திறந்து, மாதம் 500 போட்டு வந்த பால்மாத் தகரத்தை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அதில் 4,500 இருந்தது. வைத்தியர் ஊசி போட்டு மருந்து தந்தார். ஆட்டோவோடு 2,800. மூன்றாவது நாள் சீனி எழும்பி மீன் சட்டியைத் தேடியது. அல்ஹம்துலில்லாஹ்.

எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 44,400 ரூபா முடிந்திருக்கிறது. எதிர்பார்த்ததை விட 7,100 குறைவு. அதில் 3,200 இன்னும் தகரத்தில்தான் இருக்கிறது.

ஆகவே, பூனை வளர்ப்பது கட்டுப்படியாகுமா என்று எங்களிடம் கேட்கும் பெற்றோருக்கு நாங்கள் சொல்வது இதுதான். சோறும் மீனும் போட முடியுமா என்று கேட்காதீர்கள், அது எல்லா வீட்டிலும் முடியும். கருத்தடைக்கும், வருத்தம் வரும் நாளுக்கும் காசு ஒதுக்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் எடுங்கள், பிள்ளையையே கணக்கு எழுத வையுங்கள். முடியாது என்றால் பிள்ளையிடம் "முடியாது மகன்" என்று உண்மையைச் சொல்லுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை. வாசலுக்கு வரும் பூனைக்கு மிச்சச் சோறு வைப்பதற்கும், வெயில் காலத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைப்பதற்கும் யாரும் கணக்குப் பார்க்கத் தேவையில்லை.

ஒரு ஒழுங்கையில் நாலு வீடு சேர்ந்து சீட்டுப் பிடிப்பது போல மாதம் ஆளுக்கு 1,000 போட்டால் மூன்று மாதத்தில் ஒரு தாய்ப்பூனைக்குக் கருத்தடை செய்யலாம். சந்தைக்குப் பின்னால் சீமெந்துப் பை குறையும். எங்கள் ஒழுங்கையில் இதைப் பேசத் தொடங்கியிருக்கிறோம். முதலில் சம்மதித்தவர் பக்கத்து வீட்டு ராத்தா. "ஆயிரம் ஏலாது, இருநூறு தாறன்" என்றார். இருநூறு என்றே எழுதி வைத்திருக்கிறோம்.

மருதோன்றி மரத்தடியில் கிடக்கும் அந்தச் சாம்பல் பூனைக்காக எங்களால் இனி ஒன்றும் செய்ய முடியாது. அல்லாஹ் எங்கள் பிழையை மன்னிக்கட்டும். உங்கள் வீட்டில் அது நடக்காமல் இருக்கட்டும்.

பூனை வளர்ப்பவர்கள் உங்கள் வீட்டுக் கணக்கையும் கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கு உதவும்.

வஸ்ஸலாம்.